பாம்பன்: கடலுக்கேற்ற உடுப்பு

பாம்பன் அருகே உள்ள சின்னப்பாலம் கிராமத்துப் பெண்கள் கடலுக்குக் கிளம்பும் கோலம் புதியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். புடவைக்கு மேல் சட்டை அல்லது டி-ஷர்ட். விரல்களில் இறுகச் சுற்றிய துணி அல்லது கையுறை. கண்ணில் நீச்சல் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு. மன்னார் வளைகுடாவின் பாறைகளில் வளரும் மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்ற கடல்பாசிகளை மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பது இவர்களது தொழில். பாறை கீறும் என்பதால் இந்தக் கவசம். குளிருக்கு இதனால் பயனில்லை.

வெயில் கொளுத்தும் பாம்பனில் குளிரா? கடல் நீர் வெதுவெதுப்பானதுதான். ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். 28 டிகிரி நீரிலும் சில மணி நேரம் மூழ்கி எழுந்தால் நடுக்கம் எடுக்கும்.

ஸ்கூபா பயணிகள் இதற்காக அணிவது 'வெட்சூட்' என்ற ரப்பர் உடுப்பு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் உருவாக்கியது. இது நீரைத் தடுப்பதில்லை. நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் சூட்டைக் காக்கின்றன. உள்ளே புகும் சிறிதளவு நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்க வேண்டும். கழுத்து, அக்குள், இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் புதிய குளிர்நீர் புகுந்துவிடும். மூச்சை இழுத்து விடவும் கையை உயர்த்தவும் முடிகிற அளவுக்கு இறுக்கம் போதும். நம் கடல்களுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் பொதுவாகப் போதுமானது. குளிர்க் கடலுக்கு 5 அல்லது 7 வேண்டும்.

அப்படியானால் சின்னப்பாலத்துக்கும் அதுவே தீர்வா? சில நூறு ரூபாய் நாள் வருமானத்தில் விலை முதல் தடை. ரப்பர் மிதக்கும் என்பதால் மூழ்க இடுப்பில் ஈயக்கட்டிகளும் கட்ட வேண்டும். இன்னொரு சிக்கல் தென்கொரியாவின் ஜேஜூ தீவில் தெரிந்தது. அங்கே 'ஹேன்யோ' எனப்படும் பெண்கள் பருத்தி உடையில்தான் மூழ்கி வந்தனர். குளிரே அவர்களைச் சீக்கிரம் கரையேற்றியது. 1970களில் ரப்பர் உடுப்பு வந்ததும் பல மணி நேரம் நீரில் இருக்க முடிந்தது. வரும்படி கூடியது. உடல் தேய்வும் கடல்வளம் குறையும் கவலையும் கூடவே வந்தன.

பாம்பன் பெண்கள் தங்களுக்குத் தாங்களே எல்லை வகுத்துக்கொண்டவர்கள். மாதத்தில் சுமார் 12 நாட்களே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாதிருப்பது என்பவை அவர்களது கட்டுப்பாடுகள். இந்தப் பெண்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் 'சீகாலஜி' பரிசு கிடைத்தது. பொருத்தமான உடுப்பு இவர்களுக்கும் கிடைக்க வேண்டியதே. அது வந்தாலும் அந்த 12 நாள் கணக்கு மாறாமல் இருந்தால்தான் பாசி மிஞ்சும்.