பட்டாளத்துப் பெண்கள்

ஆகஸ்ட் 15 காலை. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் மகளிர் குழுவினர் கொடியேற்றி முடித்து, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் போனில் ஒரு பழைய படம்: நேதாஜியோடு ராணுவ உடையில் கேப்டன் லட்சுமி. எதிர்வீட்டு அத்தை இறால் தொட்ட கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் போனை வாங்கினார்.

"பொம்பளைங்களுக்குன்னே தனிப் பட்டாளமா தம்பி?"

ஆமாம் அத்தை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், 1943-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணி படை. தலைவி லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் பலர். பால்மரம் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. கோலாலம்பூர் ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்து, படையின் துணைத் தலைவி ஆனார். 2000-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, இந்தப் பெண்களோடு நேதாஜியும் நடந்தார். மேலே விமானம், கீழே சேறு.

எங்கள் பக்கத்துப் பழவேற்காடு டச்சுக் கல்லறைக்கு வழி கேட்டு வாரம் நாலு கார் வருகிறது. நானும் சலிக்காமல் கை காட்டுகிறேன். இந்தப் பெண்களைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. சொல்லப்போனால், நானே முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன்.

அத்தை படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "தொப்பிக்குள்ள கொண்டைய எப்படி வெச்சிருப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு குழுக் கூட்டத்தில் இந்தக் கதையை முழுசாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.