நம்பிக்கையும் ஒரு முத்திரைத்தாளும்

நாஞ்சில் நாட்டிலும், அதற்கு மேற்கேயுள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் ஒரு காலத்தில் வீடு கட்ட நினைத்தவர்கள் முதலில் தேடிச் சென்றது மூத்த ஆசாரியைத்தான். கொத்தனார் அதற்குப் பின்பே வந்தார். அன்றைய வீடு பெரும்பாலும் மரத்தாலானது. உத்திரம், கைமரம், தட்டு, நிலை, அறைப்புரை எல்லாம் அயினியிலும் பலாவிலும் தேக்கிலும் அமைய, சுவர் அவற்றுக்குத் துணையாக எழுந்தது என்றே சொல்லலாம். கோலளவு குறித்தவரும் மரம் தெரிந்தெடுத்தவரும் ஆசாரியே. வீடு முடியும் வரை பொறுப்பும் அவருடையதே. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு, அக்காலக் கட்டடக் கலையில் தச்சரின் இடம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை.

சிமெண்டும் கம்பியும் வந்தபின் அந்தத் தலைமை கைமாறியது. இன்று வீட்டுக்குப் பொறுப்பாளர் காண்டிராக்டர். அவர் முன்னாள் கொத்தனாராக இருக்கலாம். வளைகுடா நாட்டில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவராக இருக்கலாம். பாலிடெக்னிக்கில் படித்த இளைஞராகவும் இருக்கலாம். ஆசாரியை அவருடைய தந்தையின் காலத்திலிருந்தே ஊர் அறிந்திருந்தது. காண்டிராக்டரை அறிய நமக்கு என்ன வழி இருக்கிறது?

எங்கள் வீடும் ஆசாரி கட்டிய ஓட்டு வீடுதான். அப்பாவுக்குக் கால் தளர்ந்து, மழை இரவுகளில் புறவாசலிலுள்ள கழிவறைக்கு நடக்க முடியாத நிலை வந்தபோது, முன்பகுதியை ஓட்டோடு நிறுத்திக்கொண்டு, பின்புறச் சாய்ப்பை இடித்து, ஒரு கூடமும் ஓர் அறையும் குளியலறையும் கான்கிரீட்டில் கட்டுவதென்று 2022-இல் முடிவு செய்தோம். அதன்பின் எங்களைப் பார்க்க வந்த உறவினர்களில், வீட்டையும் கல்யாணத்தையும் சேர்த்துச் சொல்லும் அந்தப் பழமொழியைச் சொல்லாமல் போனவர் எவருமில்லை.

கலிபோர்னியாவில் பணியாற்றும் எங்கள் மைத்துனர் மட்டும் தொலைபேசியில் வேறொன்று கேட்டார்: “லைசென்ஸ் உள்ள காண்டிராக்டரா?” அங்கே 1929 முதல் ஒப்பந்தக்காரர்களுக்கென்றே அரசு உரிம வாரியம் ஒன்று இயங்கி வருகிறது. உரிமம் பெற நான்கு ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். தேர்வு எழுத வேண்டும். பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். வீட்டைச் சீரமைக்கும் வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது ஆயிரம் டாலர், இவற்றுள் எது குறைவோ அதற்குமேல் முன்பணம் கேட்பது குற்றம். பாதிப் பணத்தை முன்னதாகக் கேட்பவரையும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் நமக்கு இது வேற்றுலகச் செய்தி.

அவருடைய கேள்வியை நாங்கள் இங்கே கேட்டுப் பார்த்தோம். ஒருவர் பொதுப்பணித்துறைப் பதிவுச் சான்றைக் காட்டினார். அது அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் பங்குபெறுவதற்கு உரியது. இன்னொருவர் ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டினார், அது வரி கட்டுவதற்கு உரியது. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளர் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்பதற்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் உண்டு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமோ அடுக்குமாடிகளையும் பெருமனைத் திட்டங்களையும் கண்காணிக்கிறது. தம் சொந்த மனையில் ஒருவர் கட்டும் சிறு வீட்டை அது தொடுவதில்லை. ஆக, நம் வாழ்நாள் சேமிப்பை வாங்கிக்கொண்டு செங்கல் அடுக்குபவர், செங்கல் அடுக்கத் தெரிந்தவர்தானா என்று பரிசோதித்துச் சொல்ல இங்கே எவருமில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு உரிமையாளரே சுயசான்று அளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம் என்றும் ஆகிவிட்டது. அலைச்சல் குறைந்தது நன்றே. பொறுப்பு முழுவதும் நம் தலைமேல் வந்திருப்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் அக்காவின் வீடு. அத்தான் வளைகுடாவிலிருந்து தவணை தவணையாக அனுப்பிய பணத்தை, நெருங்கிய உறவினராகிய ஒரு காண்டிராக்டர் பெற்றுக்கொண்டார். லிண்டல் மட்டத்தில் வேலை நின்றது. ஒரு வீட்டுப் பணத்தை இன்னொரு வீட்டில் போட்டு, அந்த வீட்டுக்காரர் கொடுக்காமல் விட, இவரும் கைவிரித்தார். இரண்டு மழைக்காலம் அந்தச் சுவர்கள் நனைந்து நின்றன. சுவரின்மேல் புல் முளைத்தது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஒரு சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வீட்டுக் கட்டுமானம் என்ற சொல் இருக்கிறது. நாகர்கோவிலில் ஆணையமும் இருக்கிறது. ஆனால் அக்காவின் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. “சொந்தக்காரரிடம் எப்படி எழுதிக் கேட்பது?” என்றிருந்தவர், பின்னர் அந்தச் சொந்தக்காரரோடு பேசுவதையே விட்டுவிட்டார். பணம் போனதைவிட இதுவே எங்களுக்கு வருத்தமாயிற்று.

எனவே நாங்கள் சான்றிதழ்களை விட்டுவிட்டு வீடுகளைப் பார்க்கப் புறப்பட்டோம். புதிய வீடுகளைப் பார்க்கவில்லை; புது வண்ணத்தில் எல்லா வீடும் நல்ல வீடே. ஐந்தாறு ஆண்டு கழிந்த வீடுகளையே பார்த்தோம். தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஆண்டுக்கு இருமுறை நனைக்கும் மாவட்டம் இது. காண்டிராக்டர்களுக்கு நாம் வைக்காத தேர்வை மழை வைக்கிறது. குளியலறைச் சுவரின் வெளிப்புறம், சன்ஷேடின் அடிப்பகுதி, மட்டுப்பாவில் தண்ணீர் தேங்கும் மூலை இவற்றைக் கவனித்தோம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கான்கிரீட்டை உதிர்க்கும். அங்கே அவர் கட்டிய ஒரு வீடு உதிராமல் நின்றது கண்டு மகிழ்ந்தோம். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட வீட்டு அம்மாவிடம் கேட்பதே மேல். எங்கே ஒழுகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கடைசியாக, அவரிடம் வேலை செய்யும் கையாள்களிடம், சனிக்கிழமைதோறும் கூலி கிடைக்கிறதா என்று கேட்டோம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில், 1994 முதல் இருக்கும் அந்த வாரியத்தில், பதிந்திருக்கிறார்களா என்றும் கேட்டோம். கூலி தவறியதில்லை என்றார்கள். வாரிய அட்டை பாதிப்பேரிடமே இருந்தது.

அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். எங்கள் மகளுக்கு ஞானத்தாய் அவருடைய துணைவியார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதலாமென்று நாங்கள் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்ம ஆளுகிட்ட பத்திரமா? ஆசாரிகிட்ட நான் எழுதி வாங்கினேனா?” அது உண்மையே. ஆனால் ஆசாரி ஒரு நேரத்தில் ஒரு வீட்டைத்தான் கட்டினார், மரத்தை அப்பாவே வாங்கினார், கூலி நாட்கூலி. இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. இன்றோ பொருளும் வேலையும் சேர்த்து ஒருவர் கையில் லட்சக்கணக்கில் ஒப்படைக்கிறோம். காண்டிராக்டரும் முகம் வாடினார். “என்னை நம்பலியா அண்ணா?” என்று கேட்டார். நம்பாதவரிடம் வேலையே கொடுத்திருக்க மாட்டோம் என்றோம். அவர் பதில் சொல்லாமல் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சதுர அடியில் திண்ணையும் சன்ஷேடும் சேருமா, செப்டிக் டேங்க் தனியா, சிமெண்டும் கம்பியும் எந்தத் தரம், எம்-சாண்ட் யார் வாங்குவது, அடிமானம், பெல்ட், லிண்டல், வார்ப்பு, பூச்சு என்ற ஐந்து நிலைகளில் எவ்வளவு பணம், நூற்றுக்கு ஐந்து ரூபாய் இரு மழைக்காலமும் கழிந்தபின், யாருக்கேனும் விபத்து நேர்ந்தால் செலவு யாருடையது – இவ்வளவே. சண்டைகள் பெரும்பாலும் செப்டிக் டேங்கில்தான் தொடங்குகின்றன என்பது எங்கள் ஊர் அனுபவம்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தபோது, தம் கையாலேயே இரண்டு வரிகள் சேர்த்திருந்தார். ஒன்று, ஒவ்வொரு நிலையும் முடிந்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும். மற்றொன்று, எழுப்பிய சுவரை வீட்டுக்காரர் மனம் மாறி இடிக்கச் சொன்னால் செலவு வீட்டுக்காரருடையது. இதற்கு முன் எத்தனை வீடுகளில் அவர் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இழந்திருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது. அப்பா அந்த இரு வரிகளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். சாட்சிக் கையெழுத்தும் அவரே இட்டார்.

2023 ஜனவரியில் வானம் தோண்டினோம். மே முதல் வாரத்தில் வார்ப்பு. குவைத்திலிருந்து விடுப்பில் வந்த தம்பிக்கு, திரும்பிச் செல்லுமுன் வீடு அர்ச்சிப்பு நடந்துவிட வேண்டுமென்று ஆசை. ஒரு வாரத்திலேயே முட்டுகளை எடுத்துப் பூச்சைத் தொடங்கலாமே என்றான். காண்டிராக்டர் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்த நகலை எடுத்தார். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்துக்குப் பதினான்கு நாள் முட்டு நிற்க வேண்டுமென்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி சொல்வதை நாங்கள்தான் அதில் எழுதியிருந்தோம். எங்கள் கூடம் பதினாறு அடி. “எழுதிட்டோம்லா தம்பி” என்று சொல்லிவிட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்த தளத்தைப் பார்க்க ஏணியில் ஏறிப் போய்விட்டார். தம்பி அர்ச்சிப்பைப் பார்க்காமலே விமானம் ஏறினான்.

இரு மழையும் கழிந்து, 2024 ஜனவரியில் மீதித் தொகையை வாங்க வந்தவர், தாமே குளியலறைப் பின்சுவரைத் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் ஈரம் கண்டு, மறுநாள் ஆள் அனுப்பிச் சரிசெய்துவிட்டே பணம் பெற்றுக்கொண்டார். புறப்படும்போது, எங்களிடமிருந்த ஒப்பந்தத்தை நகலெடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். தம்முடையது சிமெண்டுத் தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிட்டதாம். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீடு பேசியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் அவருக்கு அத்தை மகன்.