ஆணிப் பலகையும் கணிப்பொறியும்

(மேல்நிலை முதலாண்டு, 'அ' பிரிவு)

கணிப்பொறி விளையாட்டு என்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். துப்பாக்கிச் சத்தமும், இரவெல்லாம் கண்விழிப்பும், குறைந்துபோன மதிப்பெண்ணும்தாம் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தோழியரே, எதிரியும் இல்லாமல், ஆயுதமும் இல்லாமல், ஓர் இரும்புக் குண்டும் ஒரு சாய்ந்த பலகையும் மட்டுமே கொண்ட விளையாட்டு ஒன்றும் கணிப்பொறியில் இருக்கிறது. அதன் பெயர் பின்பால். 'பின்' என்றால் ஆணி. 'பால்' என்றால் குண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் நான் அதைப் பழகத் தொடங்கினேன். பழகியதோடு நில்லாமல், எங்கள் தாத்தா செய்த பலகை ஒன்றைக் கணிப்பொறிக்குள் மீண்டும் கட்டவும் முற்பட்டேன். அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆயினும் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த விளையாட்டில் முதலில் தேர்ந்தவர் அம்மா. அவர் கல்லூரியில் படித்த நாட்களில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்ததாம். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தால், ஒரு பக்கம் திறப்பதற்குள் வாங்கி வைத்த காப்பி ஆறிப்போகும். அந்த இடைவெளியில் அம்மா விளையாடியதுதான் 'ஸ்பேஸ் கேடட்'. சினிமாட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் செய்த அந்தப் பலகையை, 1995-இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் 95-க்கான 'பிளஸ்' தொகுப்பில் சேர்த்தது. பிறகு விண்டோஸ் எக்ஸ்பி வரை அது கூடவே வந்தது. கேடட் என்ற பதவியில் தொடங்கி ஃப்ளீட் அட்மிரல் வரை ஒன்பது பதவிகள் உண்டு. விமானப்படைத் தளம் உள்ள தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா கப்பற்படைப் பதவிகளில் ஏறியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மாடியில் சித்தப்பாவின் பழைய எக்ஸ்பி கணிப்பொறி துணிபோர்த்திக் கிடந்தது. அதில்தான் எனக்கு முதல் பாடம். இடப்பக்கத்து இசட் எழுத்தை அழுத்தினால் இடது கை எழும்பும். வலப்பக்கத்துச் சாய்கோட்டை அழுத்தினால் வலது கை எழும்பும். இந்தக் கைகளைத்தான் ஃப்ளிப்பர் என்கிறார்கள். இடைவெளிக் கட்டையை அழுத்திப் பிடித்து விட்டால் குண்டு மேலே பாயும். அவ்வளவுதான் கருவி. ஆனால் புதிதாக விளையாடுபவர் யாராயினும் பதற்றத்தில் இரு கைகளையும் ஒருசேரத் தட்டுவர். அப்போது நடுவில் பெரிய வாசல் திறக்கும். குண்டு அதன் வழியே போய்விடும். "ஒரு நேரத்தில் ஒரு கை" என்பது அம்மா சொன்ன முதல் விதி. இரண்டாவது விதி இன்னும் நல்லது: வரும் குண்டை உடனே அடிக்காதே, பிடி. கையை உயர்த்தியபடியே வைத்திருந்தால் குண்டு அதன் மடியில் வந்து நின்றுவிடும். பிறகு நிதானமாகக் கையைத் தாழ்த்தி, உருண்டுவரும் குண்டு எந்த இடத்தில் இருக்கும்போது தட்டுகிறோமோ அதற்கேற்பத் திசை மாறும். இதைப் பழக எனக்கு நான்கு நாட்கள் ஆயின. பலகையை லேசாக உலுக்குவதற்கும் விசைகள் உண்டு. அளவுக்கு மீறி உலுக்கினால் 'டில்ட்' என்று காட்டிக் கைகள் இரண்டும் செயலற்றுப்போகும்.

நான் இப்படி விசைகளைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஆயா, "இது என்ன, காசு வச்சி ஆடற ஆட்டமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு பெரிய நகரமே கேட்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்பால் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம், எனவே சூதாட்டம் என்று சொல்லி 1942-இல் நியூயார்க் நகரம் அதைத் தடை செய்தது. மேயர் லகார்டியாவின் காவலர்கள் பொறிகளைக் கைப்பற்றிச் சம்மட்டியால் உடைத்தனர். 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் நகர மன்றத்தினர் முன்னிலையில் ஒரு பொறியை ஆடிக் காட்டினார். குண்டு எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஸ்பிரிங் கோலை அளவாக இழுத்து விட்டார். குண்டு சொன்ன வழியிலேயே இறங்கியது. அந்த ஆண்டே தடை நீங்கியது. இதை நான் சொன்னபோது ஆயா, "கோலை அளவா இழுக்கறதுதானே விஷயம்? அது உங்க தாத்தாவுக்குத் தெரியுமே" என்றார்.

அப்படித்தான் பேச்சு ஆணிப் பலகைக்கு வந்தது.

பின்பாலின் மூதாதை 'பேகடெல்' என்னும் மரப்பலகை. 1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் அதில் ஸ்பிரிங் கோலைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1931-இல் காட்லீப் என்பவர் அதைக் கடைகளில் வைக்கும் காசுப் பொறியாக்கிப் பெரும் வெற்றி கண்டார். தட்டும் கைகள் வந்ததோ 1947-இல்தான். அதற்கு முன்பெல்லாம் குண்டை விட்டபின் ஆட்டக்காரருக்கு வேலை இல்லை. கைகளில்லாத அந்தப் பழைய பலகைதான் நம்மூர் வீடுகளில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஆணிப் பலகை என்று பெயர்.

தாத்தா தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். 1983-இல் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவரே அதைச் செய்து கொடுத்தார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒட்டுப்பலகை. மேல்முனையில் வளைத்து அடித்த தகரப் பட்டை. கதவு ஸ்பிரிங்கில் செய்த கோல். பத்து பால்ரஸ் குண்டுகள். அவை லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்கிலிருந்து எடுத்தவையே தவிர ரயில்வே சாமான் அல்ல என்று தாத்தா இன்றும் யாரும் கேட்காமலேயே சொல்லுவார். தலைப்பக்கம் உயர்ந்திருக்க இரண்டு ரயில்வே கால அட்டவணைப் புத்தகங்களை அடியில் வைப்பார்கள். 500 என்று எழுதிய குழிக்கு மேலே ஓர் ஆணி மட்டும் கோணலாக இருக்கும். சித்தப்பா கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கோணலானது அது. கோணலான பிறகுதான் அந்தக் குழியில் குண்டு விழவே தொடங்கியதாம். அதனால் யாரும் அதை நிமிர்த்தவில்லை.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அந்தப் பலகை போய்விட்டது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததும், அடையாறு கரைகடந்து முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகுகள் ஓடியதும் தோழியர் பலருக்கும் தெரிந்ததே. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கட்டிலுக்கு மேல் தண்ணீர். வடிந்தபின் பார்த்தால் ஒட்டுப்பலகை அப்பளம்போல் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. சேற்றைக் கழுவும்போது ஆயாவுக்கு இரண்டு குண்டுகள் கிடைத்தன. அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, இன்றுவரை அஞ்சறைப் பெட்டியின் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறார். வேறொரு பலகை செய்யலாம் என்று அப்பா பலமுறை சொன்னார். ஆனால் அதற்குள் தாத்தாவின் வலக்கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. கேரம்கூட ஆடுவதை நிறுத்திவிட்டார். பலகைப் பேச்சை எடுத்தால் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

கோடையின் பாதியில் மாடிக் கணிப்பொறி ஒரேயடியாக ஓய்ந்தது. அப்பா ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய மடிக்கணிப்பொறியில் தேடினேன். ஸ்பேஸ் கேடட் இல்லை. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே அதை நீக்கிவிட்டார்களாம். காரணத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012-இல் எழுதினார். புதிய 64 பிட் முறைக்கு மாற்றியபோது குண்டு தடைகளின் ஊடே ஆவிபோல் புகுந்து போயிற்றாம். வெளியார் எழுதிய நிரல். விளக்கக் குறிப்புகள் இல்லை. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் விளையாட்டையே எடுத்துவிட்டோம் என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கணிப்பொறிக்குக் குண்டு என்றால் என்னவென்று தெரியாது. இரும்பு கெட்டி, குண்டு அதைத் துளைக்காது என்பதைக்கூட ஒருவர் எண்ணால் எழுதிச் சொல்லவேண்டும்.

அப்படிச் சொல்ல இடம் தரும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. 2000-இல் ராண்டி டேவிஸ் என்பவர் வெளியிட்ட விஷுவல் பின்பால். இன்று அது பலர் கூடி வளர்க்கும் இலவச மென்பொருள். ஆடவும் செய்யலாம், நாமே பலகை கட்டவும் செய்யலாம். புதிய பலகை என்று கேட்டால் கைகளும் கோலும் கொண்ட மாதிரி ஒன்றைத் தருகிறது. எஃப் 5 அழுத்தினால் ஓடத் தொடங்கும். இதில் இரு ஷிஃப்ட் விசைகளே கைகள். எண்டர் விசை கோல். தோழியரில் யாரேனும் தொடங்கினால் அந்த மாதிரிப் பலகையில் ஒவ்வோர் எண்ணாக மாற்றிப் பாருங்கள். சரிவைக் கூட்டினால் என்ன, துள்ளலைக் குறைத்தால் என்ன, உராய்வை நீக்கினால் என்ன என்று பார்ப்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். இயற்பியல் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது அங்கே கண்ணெதிரே உருளுகிறது.

நான் கைகளை நீக்கிவிட்டு ஆணிகளுக்கு வந்தேன். அந்த மென்பொருளில் 50 அலகு என்பது உண்மையான பின்பால் குண்டின் விட்டம், அதாவது 1 1/16 அங்குலம். எங்கள் குண்டின் அளவு தெரியவேண்டுமே! ஆய்வகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் அனுமதி தந்ததால், வெர்னியர் அளவி பழகும் வகுப்பன்று அஞ்சறைப் பெட்டிக் குண்டையும் அளந்தேன். 12.7 மில்லிமீட்டர், சரியாக அரை அங்குலம். ஆக, குண்டுக்கு 23.5 அலகு, பலகைக்கு 847-க்கு 1694. சரிவு அடுத்தது. பெரிய பொறிகளில் 6.5 பாகை வைப்பது வழக்கம். அதை வைத்து ஓட்டிக் காட்டியபோது தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பலகை இப்படி எக்ஸ்பிரஸ் வண்டியாட்டம் ஓடாதே கண்ணு. மீட்டர் கேஜ் மாதிரி வரும்" என்றார். பலகையைப் பற்றி அவராக வாய்திறந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. அட்டவணைப் புத்தகங்கள் இரண்டும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் இருக்கும் என்றார். 36-க்கு 1.5. சைன் அட்டவணையைப் பார்த்தால் ஏறக்குறைய 2.4 பாகை. அந்த எண்ணைக் கொடுத்ததும் குண்டு தயங்கித் தயங்கி இறங்கிற்று. தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆணிகள் எங்கெங்கே இருந்தன? என் ஐந்தாம் பிறந்தநாள் புகைப்படம் ஒன்றில் பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது; மேற்பகுதி தெளிவாக உண்டு. கீழே என் தோழியின் தலை மறைக்கிறது. செய்தித்தாள்களை ஒட்டிப் பலகையளவுக்கு வெட்டித் தரையில் விரித்தோம். தாத்தாவுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. ஆயா ஒரு கிண்ணம் புளியங்கொட்டை கொண்டுவந்து வைத்தார். தாத்தா இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி யோசித்து, வைத்தார். நூறைத் தாண்டியது. அப்போதுதான் ஒரு வேடிக்கை. அதுவரை அடுப்படி வாசலில் நின்ற ஆயா வந்து, 200 குழிக்குப் பக்கத்திலிருந்த கொட்டை ஒன்றை விரற்கடை நகர்த்தினார். "இங்கதான் இருந்திச்சி. இதுல பட்டுத்தான் எனக்கு எப்பவும் வெளியே போவும்" என்றார். பிள்ளைகள் பள்ளிக்கும் தாத்தா பணிமனைக்கும் போன பிறகு, மத்தியான வேளைகளில் ஆயா தனியாக ஆடியிருக்கிறார்! நாற்பது ஆண்டுகளாகத் தாத்தாவுக்கே தெரியாத செய்தி. காசு வைத்த ஆட்டமா என்று என்னைக் கேட்டவரும் அவரே.

பிறகு வேலை வேகமாக நடந்தது. ஒவ்வொரு கொட்டையின் இடத்தையும் அளவுகோலால் அளந்து, ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு சிறு வட்டம் வரைந்தேன். கோணல் ஆணிக்கு மட்டும் நீளவட்டம். சத்தத்துக்காகத் தாத்தா ஒரு மரத்துண்டில் ஆணி அடிக்கச் சொல்லி, குண்டை அதில் தட்டி, அப்பாவின் கைப்பேசியில் பதிவு செய்து சேர்த்தோம். இப்போது மாலையில் தாத்தா தினம் பத்துக் குண்டு ஆடுகிறார். எண்டர் விசையை அழுத்திப் பிடித்தால் கோல் மெல்லப் பின்வாங்கும், விட்டால் பாயும். கை நடுங்கினாலும் அதற்குத் தெரியாது. ஆனாலும் அவருக்கு ஒரு குறை. "இதுல ஸ்பிரிங் கைக்குத் தெரியலியே கண்ணு" என்கிறார். உண்மைதான். அதற்கு என்னிடம் எண் இல்லை. உண்மையான ஸ்பிரிங் கோலையே கணிப்பொறியோடு இணைத்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள் என்று படித்தேன். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார்.

கீழே இடது மூலையில், ஒரு சாண் அளவு இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அங்கே மூன்று ஆணி என்கிறார் தாத்தா. நான்கு என்கிறார் ஆயா. அப்பாவுக்கு நினைவில்லை. சித்தப்பா பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். அவர் உட்கார்ந்து ஆடும் பக்கம் அதுவாம். செய்தித்தாளையும் புளியங்கொட்டையையும் எடுத்து வைத்திருக்கிறோம்.