தனியே ஆடுவது

செல்போனில் வண்ண உருண்டைகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதுவது கௌரவமான காரியம் அல்ல. நண்பர் ஒருவர், கவிஞர், அதை 'மூளைக்கு வெற்றிலைபாக்கு' என்றார். நல்ல வாசகம். ஆனால் வாசகம் நன்றாக அமைந்துவிட்டால் விஷயம் தீர்ந்துவிட்டதாக நினைப்பது நம் விமர்சனத்தின் பழைய வியாதி. ஒன்றை நிராகரிப்பதற்கு முன் அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது குறைந்தபட்ச நேர்மை. கவிதைக்கு நாம் கோருகிற இந்த நேர்மையை மற்றவற்றுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

விளையாட்டு எளிமையானது. திரையின் மேல்விளிம்பிலிருந்து பல நிற உருண்டைகள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. கீழே ஒரு உருண்டை நம் வசம். குறிபார்த்து விட வேண்டும். நேராகவும் விடலாம், பக்கச் சுவரில் மோதித் திரும்பும்படியும் விடலாம். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் மறையும். இதன் மூலவடிவம் 1994இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி வெளியிட்ட 'பஸில் பாபிள்'. காசு போட்டு ஆடும் பெட்டிகளில் தொடங்கி, கம்ப்யூட்டருக்கு வந்து, இன்று செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் யாராவது ஒருவர் கையில் இருக்கிறது.

மூன்று சேர்வதுதான் இதன் சாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் அறுத்தால், அதன் கீழே தொங்குவதெல்லாம், எந்த நிறமாயினும், தொடாமலே உதிர்ந்துவிடும். தேர்ந்த கை நிறத்தைவிட ஆதாரத்தையே பார்க்கிறது. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் துண்டுகள் மேலிருந்து இறங்கி வருகின்றன. இடைவெளியில்லாமல் அடுக்குகிறவன் பிழைக்கிறான். அது கொத்தனாரின் ஆட்டம். இது, எது எதைத் தாங்குகிறது என்று தேடுகிறவனின் ஆட்டம். ஒரு கட்டுரையில் ஒரே ஒரு அனுமானத்தை உருவினால் பத்துப் பக்கம் சரிவதைக் கண்டவர்களுக்கு இந்த சந்தோஷம் புதிதல்ல.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோஜே கயுவா 1958இல் வெளிவந்த தம் நூலில் விளையாட்டுகளை நான்காகப் பிரித்தார்: போட்டி, அதிர்ஷ்டம், வேஷம், கிறுகிறுப்பு. உருண்டை ஆட்டத்தில் அடுத்து வரும் நிறம் அதிர்ஷ்டம்; குறி திறமை. எதிராளி மட்டும் இல்லை. தனியாக ஆடும் ஆட்டமும் நாளடைவில் போட்டியாளனையோ பார்வையாளனையோ தேடும், இல்லாவிட்டால் சலித்துப்போகும் என்பது கயுவாவின் கருத்து. இங்கேதான் எனக்கு அவரோடு பிணக்கு. காரணம் என் அம்மா.

அப்பா இறந்து நாலு வருஷமாகிறது. அம்மாவுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி போகும் சப்தம் தவிர செங்கல்பட்டில் அந்நேரத்துக்கு வேறு அரவமில்லை. கூடத்தில் பாயில் உட்கார்ந்து, போனின் ஒலியை அடைத்துவிட்டு, உருண்டை விடுவாள். யாரும் பார்ப்பதில்லை. எத்தனையாவது கட்டம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சலிக்கவுமில்லை.

கயுவாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத ஒரு ஆட்டம் நம்மிடம் உண்டு. பல்லாங்குழியை இருவர் ஆடுவார்கள். பக்கத்துக்கு ஏழு குழி. இருவர் ஆடும்போது ஒருவர் குழி நிறைய மற்றவர் குழி காயும். தொ. பரமசிவன் அதில் தனிச்சொத்தின் பிறப்பைக் கண்டார். அதையே ஒருத்தி மட்டும் ஆடுவதற்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை ஆடியது என்று ஐதீகம். அங்கே ஜெயிப்பு இல்லை, தோற்பவர் இல்லை. தன் குழியிலிருந்து எடுத்துத் தன் குழியிலேயே போடுவதுதான். காத்திருப்பதற்குக் கைக்கு ஒரு உருவம் தேவைப்பட்டிருக்கிறது. சலிப்பைப் பற்றிப் பேசிய கயுவா துக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று படுகிறது.

ஆனால் பல்லாங்குழிப் பலகை வாய் திறக்காது. போன் திறக்கிறது. பந்து தீர்ந்தால் இன்னும் ஐந்து வேண்டுமா என்கிறது. விளம்பரம் பார் என்கிறது. நேற்று ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறது. இதே ஆட்டத்தைப் பந்தயப் பணம் கட்டி ஆடவிட்ட செயலிகளும் இருந்தன. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடைசெய்தது. பாஸ்புக் பதிந்து கொடுக்கும்போது ஐம்பது, நூறு என்று சொட்டுச்சொட்டாக ஒழுகிய பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மா ஆடுவதில் பணம் இல்லை. அங்கே ஒழுகுவது பொழுது. ஆட்டத்தின் உருவம் கட்டுக்கோப்பானது. அதை முடியவிடாமல் சுற்றி எழுப்பிய கடைதான் அற்பமானது. நண்பர் இரண்டையும் ஒன்றாக்கிப் பழித்தார்.

அம்மா பிரித்துவிட்டாள். டேட்டாவை நிறுத்தினால் விளம்பரம் வருவதில்லை என்று தானே கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு நாள் நான் எழுந்து வந்தபோது மேலே நாலைந்து நீல உருண்டைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. திரையை அணைக்கப் போனாள்.

'என்னம்மா, இன்னும் ஒண்ணு விட்டா முடிஞ்சுடுமே' என்றேன்.

'முடிஞ்சா உடனே அடுத்ததைக் கொண்டாந்து வெச்சுடும்டா. இது இப்படியே இருக்கட்டும்.'

நான் வேலை பார்க்கும் கிளை மாமல்லபுரத்தில். வங்கியில் அன்றைய கணக்கு அன்றே நேராக வேண்டும். பத்து ரூபாய் இடித்தாலும் எழுந்திருக்க முடியாது. அதனாலோ என்னவோ, சாப்பாட்டு வேளையில் ரதங்கள் பக்கம் நடக்கும்போது முடிக்கப்படாத இடங்களில்தான் கண் நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன, அடித்தளம் அரைகுறை. ஏன் நின்றது என்பதற்குப் பல ஊகங்கள். சிற்பி விரும்பி நிறுத்தினானா, நிர்ப்பந்தமா என்பதைக் கல் சொல்வதில்லை. அம்மா விரும்பி நிறுத்தினாள். இந்த வித்தியாசத்தை மழுப்ப நான் தயாரில்லை. ஆனாலும், முடிவே இல்லாதது வேறு, முடிக்காமல் விட்டது வேறு என்பது அங்கே நிற்கும்போது தெளிவாகிறது. முன்னது நம்மை வைத்து ஆடுகிறது. பின்னதில் நம் கை இருக்கிறது.

அப்படியானால் இது கலையா என்று நண்பர் கேட்பார். இல்லை. அம்மாவும் அப்படிச் சொல்லமாட்டாள். ஆனால் ஒரு கவிதையை வாசித்து முடிப்பதற்குள் அதே திரையில் அடுத்த கவிதை வந்து நிற்கிற காலத்தில் இருக்கிறோம். விரலால் தள்ளித் தள்ளி நாம் வாசிப்பதும், கட்டம் கட்டமாக ஆடித் தீர்ப்பதும் எந்த விதத்தில் வேறு? ஒன்றை நடுவில் நிறுத்தி, அடுத்ததை உள்ளே விடாமல், அது தொங்குகிறபடியே மனசில் வைத்துக்கொண்டு பொழுது விடிவதைப் பார்க்க வாசகர்களில் எத்தனை பேருக்கு முடிகிறது என்பதுதான் என் கேள்வி.