கிழமைக் கடனும் மேற்பார்வை செய்வோரும்

எங்கள் பகுதியில் கிழமைக் கடன் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009 இல் யுத்தம் முடிந்து மீளக்குடியேறிய பெண்களிடம் வங்கி கேட்டது அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை. காணி உறுதியோ கணவர் பெயரில். கணவர் காணாமற்போனவர், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பவில்லை. அப்படியான சகோதரிகளின் படலைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் நுண்கடன்காரர்களே. "பெண்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்று கூட்டங்களில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மாதர் சங்கத்தில் நான் அடிக்கடி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. 50,000 ரூபா கடன், 24 வீத வட்டி, 52 கிழமை. கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. முதல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு 50,000 இற்கும் அறவிடப்படுகிறது. உண்மையான வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். கையொப்பமிட்ட பத்திரத்தில் இதை யார் விளங்கப்படுத்தினார்கள்?

இத்தகைய சேவைகளை மேற்பார்வை செய்வது மத்திய வங்கியின் கடமை. 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது எல்லாக் கடன் கொடுப்போரையும் பிடிக்கவில்லை. பின்னர் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன்களுக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. உரிமமே இல்லாதவரை அது என்ன செய்யும்?

2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நல்ல காரியந்தான். ஆயினும் அது மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கே கிடைத்தது. தோட்டை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பது எல்லாருக்கும் ஒரே நீதி அல்ல என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன், விளங்கியது இங்கேதான்.

மேற்பார்வை செய்வோர் கொழும்பில் அறிக்கை பார்த்தால் போதாது. எந்த மாவட்டத்தில், எத்தனை குடும்பத் தலைவிகள், எத்தனை கடன்களில் சிக்கியுள்ளனர் என்று எண்ண வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் கிராமத்துக்கு வந்து முறைப்பாடு எழுத வேண்டும். முறைப்பாடு வரவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. இரவில் வாசலில் வந்து நின்று சத்தம் போடுபவனைப் பற்றி எழுதப் பயப்படுகிறார்கள்.

மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம். தவணைப் புத்தகம், பற்றுச்சீட்டு, ஒப்பந்தப் பிரதி ஆகியவற்றை எறியாமல் வைத்திருங்கள். பிரதி தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.