பால் இருந்த கலம்

ஒரு பொருளின் பயன், அதைச் செய்தவன் கருதியதோடு முடிந்துவிடுவதில்லை. பழைய சேலை தூளியாகிறது. பால் சொசைட்டியில் கழித்துவிட்ட கேன், கல்யாணப் பந்திக்குச் சாம்பார் சுமந்து வருகிறது. கைமாறும்போது பொருளின் கடமையும் மாறுகிறது. இதை நாம் சிக்கனம் என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். சிக்கனத்துக்கு அப்பாலும் இதில் ஒரு பொறுப்பு உண்டு என்பதை அண்மைக்காலமாக அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய குரு நண்பர் ஒருவர், அங்கே மேப்பிள் மரத்திலிருந்து பாகு எடுக்கும் முறையை எனக்கு விவரித்தார். பனையில் பாளையைச் சீவுகிறோம். அங்கே அடிமரத்தில் சிறு துளையிடுகிறார்கள். குளிர்காலத்தின் இறுதியில், இரவு உறைந்து பகல் இளகும் சில வாரங்களில் மட்டுமே சாறு வடியும். பார்வைக்கும் சுவைக்கும் அது ஏறத்தாழத் தண்ணீர்தான். அதில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைக் காட்டிலும் 4 டிகிரி செல்சியஸ் கூடும்போது பதம் வந்துவிட்டது என்று அறிவார்களாம்.

வெர்மான்ட் பால் வளமும் மிக்க நாடு. 1940களில் அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் இருந்தன; இன்று எஞ்சியிருப்பவை சில நூறே. 1950களில் பால் நிறுவனங்கள் கேன்களில் பால் வாங்குவதைக் கைவிட்டு, குளிரூட்டும் பெரிய எஃகுத் தொட்டிகளை வைக்கச் சொல்லின. அவற்றை வாங்க இயலாத சிறு விவசாயிகள் பலர் மாடுகளை விற்றனர். தொட்டி வாங்கியவர்களிலும் பலர் பின்னாளில் விலை கட்டாமல் தொழுவத்தைப் பூட்டினர். மாடு போனது, தொட்டி நின்றது.

அந்தத் தொட்டியில் இப்போது மேப்பிள் சாறு நிரம்புகிறது. பாலைப் போலவே இந்தச் சாறும் சூடுபட்டால் கெடும். ஆகவே பாலைக் குளிரவைத்த கலம் சாற்றுக்கும் பொருந்துகிறது. பால் கறக்கும் இயந்திரத்தின் வெற்றிடப் பம்பு, மரத்துக்கு மரம் கட்டிய குழாய்களின் வழியே சாற்றை இழுக்கிறது. மாட்டின் மடி தாங்கும் அளவுக்கே செய்யப்பட்ட பம்பு அது. மரம் அதைவிட வலுவான இழுப்பைத் தாங்கும் என்பதால், வசதி வந்தவர்கள் பின்பு புதியது வாங்குகிறார்கள். வசதி இல்லாதவருக்குத் தந்தை விட்டுச்சென்ற பழைய பம்பே துணை.

நண்பர் சொன்னவற்றுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொன்று. பழைய கலத்தை யாரும் அப்படியே எடுத்து வைப்பதில்லை. பாலின் உப்புகள் கல்போல் படிந்திருந்தால் அமிலத்தால் கரைத்துக் கழுவுகிறார்கள். பழைய வாளிகளிலும் கொப்பரைகளிலும் காரீயம் கலந்த பற்றுவைப்பு இருந்தால், அது பாகில் இறங்கி உண்போரின் உடலில் சேரும். எனவே எவ்வளவு உறுதியான பாத்திரமாயினும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். கலம் ஓட்டையின்றி இருந்தால் மட்டும் போதாது. அது எதனால் ஆனது, அதில் என்ன இருந்தது என்பதும் தெரிய வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு விளையும் பூமி. பத்துக் கிலோ கரும்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வெல்லம் என்பது இங்குள்ள கணக்கு. பிழிந்த சக்கையே அடுப்புக்கு விறகு. வெல்லம் காய்ச்சும் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் பழைய பால் கேன் ஒன்றில் சாறு பிடித்து வைத்திருந்தார். வெர்மான்ட் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "பால் இருந்த கேனு சாமி, அதான் வாங்கினேன். பூச்சிமருந்து இருந்ததுன்னா சும்மா குடுத்தாலும் தொடமாட்டேன்" என்றார். ஆயினும் பூச்சிமருந்து வந்த கேனில் குடிநீர் பிடித்து வைக்கும் வீடுகளையும், இரசாயனம் வந்த நீல நிற டிரம்மைக் கழுவித் தண்ணீர்த் தொட்டியாக்கும் வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன்.

இந்த வெல்லத்துக்கே இருவேறு பாதைகள் உண்டு. ஒன்று பொங்கல் பானைக்குப் போகிறது. மற்றொன்று கல்வராயன் மலையின் ஓடையோரங்களில் மறைத்து வைத்த பேரல்களில் ஊறலாகி, சாராயமாக இறங்கி, லாரி டியூபில் அடைபட்டுக் கீழே வருகிறது. மலைமக்களில் மிகப் பலர் உழுது பிழைப்பவர்கள். சிலருடைய தொழிலால் மலைக்கே அவப்பெயர் வந்தது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்ததோ இதனினும் கொடியது. ஆலைகளின் பயனுக்காகச் செய்யப்படும் மெத்தனால் என்னும் திரவம் சாராயமென்று மனிதத் தொண்டைக்குள் ஊற்றப்பட்டது. கண்ணுக்கும் மூக்குக்கும் அது சாராயத்திலிருந்து பெரிதும் வேறுபடாது. உடலுக்குள் சென்றபின் பார்வை நரம்பைத் தாக்கி உயிரையும் குடிக்கும். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் கூலித் தொழிலாளர். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் இன்றும் நம்மிடையே வளர்கிறார்கள்.

ஒன்றுக்கென்று ஆக்கப்பட்டதை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதுதான் வெர்மான்டிலும் நடந்தது, கருணாபுரத்திலும் நடந்தது. அங்கே வாழ்விழந்த தொழுவத்தின் கலம் இன்னொரு வாழ்வைத் தாங்கியது. இங்கே ஆலைக்குரியது வீட்டுக்குள் வந்து அதைச் சுடுகாடாக்கியது. இரண்டையும் பிரித்தது அறிவின் மிகுதியோ குறைவோ அன்று. மெத்தனாலை விற்றவருக்கும் கணக்கு நன்றாகவே தெரியும். இதை அருந்தப்போவது யார் என்ற ஒரு கேள்வியே இரண்டையும் பிரித்தது. வெல்லக் கொட்டகைப் பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டார். சாராயம் விற்றவர் கேட்க மறுத்தார்.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கண்டார். அதே இரும்புதான், பிடிக்கும் கை எதை நாடுகிறது என்பதே வேறுபாடு. கலப்பையை மீண்டும் வாளாக்கும் உலையும் நம் ஊர்களில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

அன்பு வாசகரே, பழையதை எறியாமல் பயன்கொள்வது நம் முன்னோர் தந்த நற்பழக்கம். அதைக் கைவிட வேண்டா. ஆனால் அடுத்தமுறை சந்தையில் ஒரு பழைய கேனையோ டிரம்மையோ விலை பேசும்போது, ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்கு முன், இதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், மலிவாயினும் விட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் அதிலிருந்து முதலில் மொண்டு குடிப்பது பெரும்பாலும் ஒரு குழந்தையாகத்தான் இருக்கும்.