இருந்த இடமும் இருத்திய இடமும்

"பிள்ளைகளே, விரும்பிய இடத்தில் இருங்கள்" என்று புத்தாண்டின் முதல் நாளில் சொல்வது ஆசிரியருக்கு எளிது. சொல்லி முடிப்பதற்குள் வகுப்பறையில் ஒரு சிறு போர் தொடங்கிவிடும். புத்தகப் பைகள் பறக்கும். ஒருவன் மூன்று பேருக்கு இடம் பிடிப்பான். ஒருத்தி தன் தோழிக்காக வேறொருத்தியோடு வாதாடுவாள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கும். அந்த அமைதிக்குப் பின் தெரியும் காட்சியைச் சற்றே நிதானமாக நோக்க வேண்டும். முன்வரிசையில் இருப்பவர் யார்? யன்னலோரம் யாருக்குக் கிடைத்தது? கதவருகே, சுவரோடு ஒட்டிய கடைசி வரிசையில் ஒதுங்கியிருப்பவர் யார்? ஊரின் படத்தை மை தொடாமல் வரைந்து நம்முன் வைத்ததுபோல் இருக்கும்.

விளையாட்டான காரணங்களும் இல்லாமலில்லை. மின்விசிறியின் கீழே இருக்க ஆசைப்படுகிறவன் உண்டு. ஆசிரியரின் கேள்விக்கு அஞ்சித் தடித்த தோழனின் முதுகுக்குப் பின்னே மறைகிறவன் உண்டு. வெளியே வயலில் இறங்கும் கொக்குகளைப் பார்ப்பதற்கென்றே யன்னலை நாடுகிறவனும் உண்டு. இவையெல்லாம் பிள்ளைப் பருவத்தின் உரிமைகள். இவற்றை நான் குறைகூற வரவில்லை. எனினும், பிள்ளை தேர்ந்துகொண்ட இடம் என்று நாம் சொல்கிறோமே, அதில் பிள்ளையின் தேர்வு எவ்வளவு? மற்றவர்கள் எடுத்துக்கொண்டபின் அதற்கு விட்டுவைத்த மிச்சம் எவ்வளவு? இந்தக் கேள்வி நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

நான் கல்வி தொடங்கியது வாங்கிலன்று, மண்ணில். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தார்கள். 1996இல் போர் கிளிநொச்சி நகருக்கும் வந்தது. காட்டோரக் கிராமமொன்றில் நாங்கள் ஒதுங்கியபோது, அங்கிருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. ஆகவே வகுப்புகள் மரத்தடிக்கு வந்தன. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஓர் உரப்பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும். அதுவே பாய், மழை வந்தால் அதுவே குடை. பாலைமரத்தின் நிழல் காலையில் மேற்கே நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி மரத்தடிக்கு வரும். பின்னர் கிழக்கே சாயும். நிழல் நகர, நாங்களும் உரப்பையை இழுத்துக்கொண்டு நகர்வோம். காலையில் கரும்பலகைக்கு அருகே இருந்தவன் பள்ளிக்கூடம் விடும் வேளையில் எங்கோ ஓர் ஓரத்தில் இருப்பான்.

அந்த நாட்களை அழகுபடுத்திக் காட்டுவது என் நோக்கமன்று. விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்த பிள்ளைகளின் சமத்துவம் எவரும் வேண்டத்தக்க சமத்துவமன்று. எல்லோரையும் தரையில் இருத்திவிட்டால் நீதி வந்துவிட்டதாகக் கொள்ளவும் முடியாது. ஆயினும் ஒன்று உண்மை. இடம் நிலையாக இல்லாதவரை, அந்த இடத்துக்கு மேல் என்றும் கீழ் என்றும் பெயர் ஏற்படவில்லை. நிழல் எந்தப் பிள்ளைக்கும் சொந்தமாக இருக்கவில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. பாதை திறந்தது. தகரக் கூரையும், அதன் கீழே புதிய வாங்குகளும் மேசைகளும் வந்தன. அப்போது நான் ஏழாம் ஆண்டில் இருந்தேன். பலகையின் புதுவாசனையை முகர்ந்து முகர்ந்து நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் வாங்குகள் வந்த முதல் வாரத்திலேயே வரிசைகளும் வந்துவிட்டன. உத்தியோகத்தரின் பிள்ளைகளும், புலமைப்பரிசிலில் தேறியவர்களும் முன்னே, சொந்த வயல் உள்ள கமக்காரரின் பிள்ளைகள் நடுவே, மற்றவர்கள் பின்னே. அப்படி இருக்கும்படி எவரும் கட்டளையிடவில்லை. தண்ணீர் பள்ளத்தை அறிவதுபோல ஒவ்வொருவரும் தத்தம் இடத்தை அறிந்திருந்தார்கள்.

கடைசி வாங்கில், கதவருகே, என் நண்பன் ஒருவன் இருந்தான். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டத்தைவிட்டு வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவனுடையது. பிறர் வயலில் கூலி வேலை. காலையில் தகப்பனாரோடு வரம்பில் நின்றுவிட்டுத்தான் அவன் பள்ளிக்கூடம் வருவான். ஆகவே பெரும்பாலும் தாமதமாகும். தாமதமாக வருகிறவன் முன்வரிசைக்குப் போனால் வகுப்பு முழுவதும் அவனுடைய சேறு காயாத கால்களைப் பார்க்கும். கதவருகே இருந்தால் ஓசையின்றி உள்ளே வந்துவிடலாம். "இங்கைதான் எனக்கு வசதி" என்பான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் பட்டுக் கரும்பலகையின் பாதி பளபளக்கும், எழுத்துத் தெரியாது. மனக்கணக்கில் எங்கள் எல்லோரையும் வெல்லக்கூடியவன் அவன். ஆனால் ஆசிரியரின் கேள்வி கடைசி வாங்குவரை போவது அரிது. பிரம்பு மட்டும் தவறாமல் போகும்.

ஒன்பதாம் ஆண்டில் அவன் நின்றுவிட்டான். வாங்குதான் அவனை வெளியே தள்ளியது என்று நான் சொல்லமாட்டேன். அவனைத் தள்ளியது வறுமை. ஆனால் முன்வரிசைப் பிள்ளை ஒருநாள் வராவிட்டால், "எங்கே, சுகமில்லையா?" என்ற கேள்வி அன்றே எழும். அவன் வராத நாட்கள் இடாப்பில் சிவப்புக் கோடுகளாக நீண்டன. வகுப்பில் அவனுடைய பெயரை எடுத்தவர் எவருமில்லை. கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தவன் கண்ணுக்குப் படாமலே போய்விட்டான். அவன் விரும்பித் தேர்ந்த இடமல்லவா அது என்று எவரேனும் சொன்னால், அந்த விருப்பம் எங்கிருந்து பிறந்தது என்று கேட்க எனக்கு உரிமையுண்டு.

விருப்பம் என்ற சொல்லுக்கே இடமில்லாதிருந்த காலமும் இந்நாட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் தரையிலோ, வகுப்புக்கு வெளியிலோ இருத்தப்பட்டார்கள். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்றது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் அதன் முன்னணியில் இருந்தனர். 1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று அரசு பணித்தது. 'சம ஆசனம்' என்ற சொல் யாழ்ப்பாணத்தையே உலுக்கியது. 1930இல் அப்பணிப்பை விலக்கிக்கொள்ளும்படி உயர்சாதியினர் மனுக் கொடுத்தனர். சம ஆசனம் வழங்கிய பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின.

ஒரு வாங்குக்காகப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்துவதா என்று இன்றைய மாணவன் வியக்கலாம். கொளுத்தியவர்கள் வாங்கின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். எழுத்தைக் கற்றாலும் அதைத் தரையிலிருந்து கற்க வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். வாங்கு இரண்டு பிள்ளைகளின் கண்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒரே மட்டத்தில் பார்த்துப் பழகிய கண்கள் பின்னர் வயலிலும் வீதியிலும் கோயில் வாசலிலும் தாழ மறுக்கும் அல்லவா?

இந்த அச்சம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. மராட்டியத்தில் சிறுவனாகப் படித்த அம்பேத்கர், வகுப்பின் மூலையில் தனியே இருப்பதற்குச் சாக்குத் துண்டொன்றை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் பணியாளரும் அதைத் தொடமாட்டார். மாலையில் அதை அவரே சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். போரில் நாங்கள் எல்லோரும் உரப்பை சுமந்தோம். அமைதிக் காலத்திலேயே அவர் ஒருவர் சாக்குச் சுமந்தார். அமெரிக்காவிலோ, 1948இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜோர்ஜ் மக்லோரின் என்ற கறுப்பின மாணவரை வகுப்பறைக்கு வெளியே, அதை ஒட்டிய சிற்றறையில் இருத்திப் பாடம் கேட்க வைத்தார்கள். நூலகத்தில் அவருக்கு வேறு மேசை; உணவுச்சாலையிலும் வேறு மேசை. ஒரே விரிவுரையைக் கேட்டாலும் ஒதுக்கி இருத்துவது கல்வியைக் குறைப்பதே என்று 1950இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு, 1954இல் பள்ளிகளில் நிறப்பிரிவினையை நீக்கிய தீர்ப்புக்கு ஒரு படியாக அமைந்தது.

தமிழ் கற்றவனாதலால் நம் பழைய நூலொன்றையும் இங்கே நினைக்கிறேன். ஆசிரியனுக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லத் தொடங்கும் நன்னூல், முதலில் குலத்தைத்தான் வைக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாணவரைத் தரம்பிரிக்கும்போது பவணந்தியார் குலத்தை எடுத்தாரில்லை. அன்னமும் பசுவும் முதலாக, ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் ஈறாக அவர் காட்டும் உவமைகள் எல்லாம் பாடத்தைக் கொள்ளும் முறையைப் பற்றியவை. ஆசிரியர் இருக்கச் சொன்னால் மாணவன் இருக்க வேண்டும் என்கிறார். யார் எங்கே என்று வகுக்கவில்லை. அதை வகுத்துக்கொண்டது பின்வந்த நம் வழக்கம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரை ஒதுக்குவதைக் குற்றமாக்கியது. இன்று வன்னியில் எந்தப் பிள்ளையும் தரையில் இருத்தப்படுவதில்லை. 2009இல் செட்டிகுளத்து முகாமில் தரப்பாளின் கீழே மண்ணிலிருந்து படித்த எங்கள் தலைமுறைக்கு இது சிறிய பேறன்று. பல பள்ளிக்கூடங்களில் வாங்கும் போய் ஆளுக்கொரு மேசையும் கதிரையும் வந்துவிட்டன; 'கடைசி வாங்கு' என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

பெயர் மட்டுமா நிற்கிறது? சென்ற ஆண்டு தந்தையொருவர் என்னிடம் வந்தார்.

"சேர், பிள்ளைக்குக் கண் வடிவாத் தெரியாது. முன்னுக்கு இருத்திவிடுங்கோ."

"கண் வைத்தியரிட்டைக் காட்டினீங்களா ஐயா?"

"இல்லை சேர்... இப்ப பக்கத்திலை இருக்கிற பிள்ளை... குறை நினையாதையுங்கோ. வேறை இடமெண்டால் நல்லது."

"ஏன் ஐயா, சண்டை பிடிக்கினமோ?"

"ஒண்டுமில்லை, சும்மாதான்."

இந்தச் 'சும்மா' என்ற சொல்லை அகராதியில் தேடிப் பயனில்லை. அதற்குள் ஊரும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது, யார் எந்தக் குடியேற்றத்திலிருந்து வந்தவர் என்ற கணக்கும் இருக்கிறது. 1930இல் மனுவாக எழுதியதை இன்று 'சும்மா' என்று வாயால் சொல்கிறோம்.

நான் அவருக்குச் சொன்ன மறுமொழி இதுதான்: "கவலைப்படாதையுங்கோ ஐயா. அடுத்த கிழமை உங்கடை பிள்ளை வேறை இடத்துக்குப் போவார். எல்லாப் பிள்ளையளும் போவினம்."

என் வகுப்பில் ஆறு வரிசைகள். திங்கட்கிழமைதோறும் முதல் வரிசை கடைசிக்குச் செல்லும். மற்ற ஐந்தும் ஒவ்வொரு வரிசை முன்னேறும். ஆறு வாரத்தில் எல்லோரும் முன்னும் இருந்திருப்பர், பின்னும் இருந்திருப்பர். மாதம் ஒருமுறை பக்கத்தில் இருப்பவரும் மாறுவார். உண்மையாகவே பார்வை குன்றியவர்க்கும் செவி மந்தமானவர்க்கும் மட்டும் விலக்கு. முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. தோழியைப் பிரிந்த ஒருத்தி அழுதாள். பின்னர், பின்வரிசை கண்ட முன்வரிசைப் பிள்ளைகளே, "சேர், இங்கையிருந்து பார்த்தால் பலகை தெரியேல்லை" என்று முறையிட்டார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்த முறைப்பாட்டை எழுப்ப எந்தக் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் துணிவு வரவில்லை. பலகையை இடம்மாற்றி மாட்டினோம்.

பிள்ளையின் சுதந்திரத்தில் நீர் கைவைக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தேர்வு என்பது எல்லா இடமும் எல்லோருக்கும் திறந்திருக்கும்போதுதான் தேர்வாகும். முன்வரிசையில் இருந்து பார்த்தறியாத பிள்ளை பின்வரிசையை விரும்புகிறது என்பதற்குப் பொருளில்லை. இரண்டையும் அறிந்தபின் அது யன்னலையும் கொக்கையும் தேர்ந்துகொள்ளட்டும்; நான் மனமார வாழ்த்துவேன்.

சட்டம் வாங்கைத் தந்தது. அந்த வாங்கில் அடுத்திருப்பவனைத் தோழனாகத் தருவது சட்டத்தால் ஆகாது. அது ஆசிரியரின் தொழில். ஆசிரிய நண்பர்களே, இடாப்பைத் திறவாமல், உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பெயர்கள் நினைவுக்கு வருகின்றனவோ அத்தனை தூரந்தான் சம ஆசனம் நம் பள்ளிக்கூடங்களுக்குள் வந்திருக்கிறது.